கிட்டங்கிச் சுவரில் எங்கள் முதுகுகள்

1

பினாங்குத் துறையில் நான் கப்பலிறங்கிய நாளை என் மனைவி சிவகாமி ஒருபோதும் மறந்ததில்லை. அவள் தென்காசியை அடுத்த ஆய்க்குடிக்காரி. நான் வந்து சில ஆண்டுகள் கழித்தே என் கைப்பிடித்து இங்கு வந்தாள். ஆயினும் ஒவ்வொரு வைகாசியிலும் அந்நாளில் என் இலையில் ஓர் இனிப்பு கூடுதலாக விழும். இவ்வாண்டு எங்கள் மகள் மங்கையர்க்கரசி வேறொன்று செய்தாள். அவள் இந்நகரில் வழக்குரைஞர். பழைய நகரப் பகுதியை நடந்தே சுற்றிக் காட்டும் வரலாற்று உலா ஒன்றிற்கு எங்கள் இருவருக்கும் சீட்டு வாங்கி வந்து நீட்டினாள்.

"நீங்க இருந்த இடம்தான்பா. ஃபுல் ஹிஸ்டரி சொல்வாங்க. தொப்பி மட்டும் எடுத்துக்குங்க."

"நான் குடியிருந்த தெருவை எனக்கே காட்டுவதற்குப் பிறர்க்குக் கட்டணமா?" என்றேன்.

"சும்மா கெடங்க" என்றாள் சிவகாமி. "பிள்ள ஆசையா வாங்கிட்டு வந்திருக்கா. ஒரு நட நடந்துட்டு வருவோம்."

நடந்தோம். வழிகாட்டியாக வந்தவள் மெய்லின் என்னும் சீனப்பெண். இந்நகரிலேயே பிறந்தவள், கனிவானவள், சாலையைக் கடக்கும்போதெல்லாம் முதியோரை எண்ணிப் பின்திரும்பிப் பார்த்தாள். ஐரோப்பியர் சிலரும், சென்னையிலிருந்து வந்த கணவன் மனைவியும் எங்களோடு நடந்தனர். கடைவீடுகளின் முன்னே நிழல் தரும் நடைபாதையை இங்குள்ள தமிழர் அஞ்சடி என்பர். அந்த அஞ்சடி வழியே சென்று, ஒரு வளைவில் திரும்பி, பின்சந்துக்குள் நுழைந்தோம். மெய்லின் ஒரு நீண்ட சுவரின் முன் நின்றாள். சுவரில் இடுப்புக்கு மேல் தொடங்கித் தோள்மட்டத்தில் முடியும் கருநிறத் திட்டுகள் வரிசையாக இருந்தன.

சிவகாமி என் முழங்கையை இடித்தாள். "ஏங்க, இது நம்ம கிட்டங்கிச் சுவருல்லா?"

அதே சுவர்தான். மெய்லின் ஆங்கிலத்தில் சொன்னாள்: "தென்னிந்தியத் தொழிலாளர்கள் இவ்வீட்டில் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். சமையலறை போதவில்லை. ஆகவே இந்தச் சந்திலேயே அடுப்பு மூட்டினார்கள். நீங்கள் காண்பது அந்த வறுமையின் புகைக்கரி."

சென்னைப் பெண்மணி நெஞ்சில் கைவைத்தார். "பாவம்ல? எவ்ளோ கஷ்டப்பட்டிருக்காங்க!"

பிறர் இரக்கத்தை இத்துணை அருகில் நின்று வாங்கிக்கொண்டது எனக்கு அதுவே முதன்முறை. "அது புகையன்று" என்றேன், ஆங்கிலத்தில், உரக்க.

மெய்லின் சினக்கவில்லை. "இவ்வரிசையை வாங்கியவர்கள் எங்களுக்குத் தந்த குறிப்பில் அப்படித்தான் இருக்கிறது, அங்கிள். எப்படியும் இன்னும் சில நாளில் இதைத் துடைத்து வெள்ளையடிக்கப் போகிறார்கள். இவ்வரிசை முழுவதும் தங்கும் விடுதியாகிறது."

2

ஊரிலிருந்து இதைப் படிப்போர்க்குக் கிட்டங்கி என்ற சொல் புதிதாகத் தோன்றலாம். ஒரே ஊர்க்காரர் பலர் கூடி வாடகைக்கு எடுத்துத் தங்கும் பெரிய வீட்டை இத்துறைமுக நகரங்களில் கிட்டங்கி என்று அழைத்தனர். எங்களுடையது தென்காசிக் கிட்டங்கி. மளிகைக்கடை வைத்திருந்த என் சித்தப்பாவிற்குத் துணையாக வந்த நான், தனித்துப் பயின்று தமிழாசிரியனாகும் வரை அங்கேதான் படுத்தெழுந்தேன். ஆளுக்கொரு பெட்டி, ஆளுக்கொரு பாய். நெருக்கம் இருந்தது, அதை மறைப்பதற்கில்லை. ஆனால் சமையலறையும் இருந்தது. அங்கு ஆக்கிய சொதியை உண்டவன் எவனும் அதை வறுமை என்று சொல்லமாட்டான்.

அச்சுவரில் இருந்தது எண்ணெய்.

ஆனி பிறந்ததும் கிட்டங்கியில் எல்லார் காதும் ஊர்ப்பக்கம் திரும்பிவிடும். குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது என்று ஊரிலிருந்து எவர்க்கேனும் செய்தி வரவேண்டும். வரும்வரை ஒருவரும் அசையமாட்டோம். வந்துவிட்டால், அடுத்த ஞாயிறு எங்கள் சாரல் குளி. விடியலில் மிளகும் பூண்டும் இட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை உச்சி முதல் உள்ளங்கால் வரை தேய்ப்போம். தேய்த்தபின் எண்ணெய் ஊறவேண்டும் அல்லவா? பின்சந்தில் பலகைகளைப் போட்டு, அச்சுவரில் முதுகு சாய்த்து வரிசையாக அமர்ந்துவிடுவோம். அவரவர்க்கு வழக்கமான இடம் உண்டு. மூத்தவர் இடத்தில் இளையவர் சாய்வதில்லை. ஆண்டுதோறும் அதே முதுகு அதே இடத்தில் சாய்ந்ததால் சுண்ணாம்புச் சுவர் எங்கள் முதுகுகளைக் குடித்துக் கறுத்தது.

அருவிக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்பீர்கள். மேல்மாடிப் பலகணியில், நீர் வழிந்து விழ அகன்ற தகரத் தாரை ஒன்றைக் கட்டினோம். மேலே ஒருவன் நின்று வாளி வாளியாகத் தாரையில் கவிழ்ப்பான். கீழே நிற்பவன் தலையில் அது திடுமென விழும். கவிழ்ப்பவனுக்கு மேகம் என்று பெயர். பன்னெடுங்காலம் எங்கள் மேகமாக விளங்கியவன் கீழப்பாவூர்ச் சங்கரலிங்கம். ஒருமுறை அவன் தாரையின் நுனியில் ஐந்து துளைகள் இட்டு, "ஏலே, இன்னைக்கு ஐந்தருவி, எல்லாரும் வாங்க" என்று கூவியதும், துளைகளின்வழி ஒழுகிய நீரைக் கண்டு என் சித்தப்பா, "இது ஐந்தருவி இல்லலே, அஞ்சு மூக்கு ஒழுகுது" என்று சொல்லி விலகிப் போனதும் இன்றும் என் கண்முன் நிற்கின்றன.

ஆண்டுக்கு ஒரு நாள் நாங்கள் எவர்க்கும் வேலையாள் இல்லை. அந்த நாளைத்தான் அச்சுவர் வைத்திருந்தது. அதையே பசி என்று எழுதி, பின்னர் துடைத்தும் விடுவார்களாம்.

3

மறுநாள் அவ்வரிசையை வாங்கியுள்ள நிறுவனத்தின் அலுவலகத்திற்குச் சென்றேன். மேலாளர் இளைஞர், குளிர்ந்த தேநீர் தந்து வரவேற்றார், நான் சொன்னதை முழுதும் கேட்டார்.

"அருமையான செய்தி ஐயா. சான்று ஏதேனும் உண்டா? நிழற்படம், செய்தித்தாள், வாடகை உடன்படிக்கை, எதுவாயினும்."

"இடையில் ஒரு துண்டோடு எண்ணெய் வழிய அமர்ந்திருப்பவன் நிழற்படம் எடுத்துக்கொள்வானா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "சான்றின்றி நான் எப்படி மேலிடத்திற்கு எழுதுவது?"

"புகை என்று எழுதினீர்களே, அதற்குச் சான்று என்ன?"

அவர் தம் குறிப்பேட்டைப் புரட்டவில்லை, வெளியே பார்த்தார். "பொதுவாக அப்படித்தானே இருந்திருக்கும், ஐயா."

நான் எழுந்துவிட்டேன். எங்கள் பசிக்கு ஒருவரும் சான்று கேட்பதில்லை. மகிழ்ச்சிக்கு மட்டும் முத்திரையிட்ட தாள் கேட்கிறார்கள். இவ்வழக்கம் அயல்நாட்டில் மட்டும் உண்டு என்று எண்ணிவிடாதீர்கள். ஊருக்கு வரும்போதெல்லாம் நீங்களும் என்னிடம், "அங்கன ரொம்பக் கஷ்டப்பட்டியளோ?" என்றுதான் கேட்கிறீர்கள். "அங்கன நல்லா சிரிச்சியளா?" என்று ஒருவர் கேட்டதில்லை.

அன்று மாலை தென்காசியில் உள்ள என் சித்தப்பா மகன் ஆறுமுகத்தைத் தொலைபேசியில் அழைத்தேன். சித்தப்பாவின் பெட்டியில் கிட்டங்கிப் படம் ஏதேனும் கிடக்கிறதா என்று தேடச் சொன்னேன்.

"ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. அப்பா படமே ஒண்ணுதான் இருக்கு, கல்யாணத்துல எடுத்தது. அதுலயும் தலை பாதி வெட்டுப்பட்டுட்டு."

"குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் வழக்கத்தையேனும் படமெடுத்து அனுப்பு. அவர்களிடம் காட்டுகிறேன்."

அவன் சிரித்த சிரிப்பில் கருவி அதிர்ந்தது. "நல்லாச் சொன்னிய போங்க! அருவியில எண்ணெய் தேய்க்கக் கூடாது, சோப்பு போடக் கூடாதுன்னு போர்டு வச்சிருக்காங்க. எண்ணெய் முதுகோட போனா இங்கனயே இறங்க விடமாட்டுக்காங்க. நீங்க அங்கன ஒரு சுவருக்குச் சண்ட போடுதிய!"

நீரைத் தூய்மையாகக் காப்பது நன்றே. அதை நான் குறை கூறேன். ஆயினும் கருவியை வைத்ததும் அந்தப் பழைய நடை நினைவுக்கு வந்தது. இளமையில் என் தந்தையோடு எண்ணெய் பூசிய உடம்பாகவே தென்காசியிலிருந்து குற்றாலத்திற்கு நடப்பேன். பெரிய கோயிலின் கோபுர வாயிலைக் கடக்கும்போது அங்கே எப்போதும் வீசும் காற்று எண்ணெய் முதுகில் பட்டுச் சிலிர்க்கும். வெயிலும் தூறலும் சேர்ந்தே விழும். எதிரே குளித்துவிட்டு வருவோர், "தண்ணி நல்லா விழுது, சீக்கிரம் போங்க" என்பர். முன்பின் அறியாதவரும் அதைச் சொல்லாமல் போகமாட்டார். வயல் உடையவரும் வயலில் உழைத்தவரும் அருவியின் கீழ் ஒரே நீரில் தலையைக் கொடுத்து நின்றனர். அவ்வழக்கத்திற்கு அங்கும் தடைப்பலகை வைத்துவிட்டார்கள் என்றால், அது ஒட்டியிருக்கும் இடம் இந்தச் சுவர் ஒன்றே.

4

சங்கரலிங்கத்தை அழைத்துக்கொண்டு சந்துக்குப் போனேன். மேகத்திற்கு இப்போது முழங்கால் மடங்குவதில்லை, கோலூன்றி வந்தான். மெய்லினையும் வரச் சொல்லியிருந்தேன்.

"என்ன வே, சுவருக்கு வக்காலத்து வாங்கப் போறீராக்கும்?" என்று கேலி பேசிக்கொண்டு வந்தவன் சுவரைக் கண்டதும் நெருங்கிப் போனான். கோலின் நுனியால் ஒவ்வொரு திட்டாகத் தொட்டான். "இந்தா, அகலமா இருக்குல்லா, இது ஒம்ம சித்தப்பா முதுகுவே. அந்த மனுசன் சாஞ்சா ரெண்டு பேருக்கு எடம் போயிரும். இது எவன், ஓணான் மாதிரி ஒல்லியா? நீருதான்வே!"

"உன்னுடையது எங்கே?"

"மேகத்துக்கு ஏதுவே சுவரு? நான் மேலல்லா நின்னேன்." சொல்லிவிட்டு மாடியைப் பார்த்தான். பலகணி இருந்த இடத்தில் சாரம் கட்டியிருந்தார்கள்.

நான் ஒரு குவளை நீரை முதலில் வெறுஞ்சுவரில் வீசினேன். சுண்ணாம்பு அதை உறிஞ்சி நிறம் மாறியது. அடுத்த குவளையைச் சித்தப்பாவின் முதுகில் வீசினேன். நீர் ஒட்டவில்லை. முத்து முத்தாகத் திரண்டு உருண்டு தரையில் விழுந்தது. புகைக்கரியாயின் கறுத்து ஒழுகியிருக்க வேண்டும். விழுந்த நீரோ தெளிவாக இருந்தது.

மெய்லின் விரலால் சுவரைத் தடவினாள், முகர்ந்தாள், குனிந்து திட்டுகளின் வரிசையைப் பார்த்தாள். "புகை மேலே ஏறி விரியும்" என்றாள் மெல்ல. "இவை எல்லாம் தோளில் நின்றுவிட்டன." பிறகு என்னை நோக்கித் திரும்பினாள். "இத்தனை நாள் எத்தனை பேரிடம் தவறாகச் சொல்லியிருக்கிறேன், அங்கிள்!"

"இனிச் சரியாகச் சொல்" என்றேன்.

"சுவர் இருந்தால்தானே" என்றாள் அவள்.

அவளே மேலாளரிடமும் பேசினாள். அவர் தந்த மறுமொழி பண்பானது, பயனற்றது. எண்ணெய் என்றாலும் புகை என்றாலும் கறை கறைதான். விருந்தினர் வெண்சுவரையே விரும்புவர். அவ்வாரமே சுவர் முழுவதும் சுண்ணாம்பு அடித்தனர்.

வீட்டில் மங்கையர்க்கரசி என் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தாள். அலுவலகத்தில் அவளை மேகி என்று அழைக்கிறார்கள்; நான் மட்டும் பெயரை முழுதாகச் சொல்வதால் அவளுக்கு என்மேல் சிறிது அச்சம் உண்டு. அன்று அதுவும் இல்லை.

"அப்பா, விட்டுருங்கப்பா. அது பிரைவேட் ப்ராபர்ட்டி. சொந்தக்காரன் அவன் சுவருக்கு என்ன வேணும்னாலும் அடிப்பான். நீங்க அங்க போய் நின்னா என் ஆபீஸ்காரங்க கண்ணுல படும்லா. எனக்கு எப்படி இருக்கும்?"

"சுவர் அவருடையது. சந்து யாருடையது?"

"சந்து பப்ளிக்தான். அதுக்கு என்ன?"

"ஒன்றுமில்லை" என்றேன். சிவகாமி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். நான் ஒன்றுமில்லை என்று சொல்லும் விதத்தை அவள் நன்கறிவாள்.

5

ஆனியின் நடுவில் இங்கே மூன்று நாள் பெருமழை. நான்காம் நாள் மெய்லின் அழைத்தாள். அவள் குரலில் சிரிப்பு முட்டிக்கொண்டிருந்தது. "அங்கிள், உடனே வாருங்கள். உங்கள் ஆட்கள் திரும்பி வந்துவிட்டார்கள்."

போய்ப் பார்த்தேன். எண்ணெய் ஏறிய இடத்தில் சுண்ணாம்பு பிடிக்கவில்லை. மற்ற இடமெல்லாம் வெள்ளையாயிருக்க, திட்டுகளின் மேல் மட்டும் பொருக்கு விட்டு உதிர்ந்திருந்தது. வெள்ளைச் சுவரில் எங்கள் முதுகுகள் முன்னிலும் தெளிவாக, ஒருவர் பக்கத்தில் ஒருவராக, அமர்ந்திருந்தன. சித்தப்பா அகலமாக வீற்றிருந்தார். நான் ஓணானாக ஒட்டியிருந்தேன்.

நிறுவனம் சும்மா இருக்குமா? திங்களன்று பழம்பூச்சு முழுவதையும் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசுவது என்று முடிவு செய்தது. இனி உதிர்வதற்கும் ஒன்றும் இராது.

வெள்ளிக்கிழமை ஆறுமுகம் அழைத்தான். நான் கேட்கவில்லை, அவனாகவே அழைத்தான். "அண்ணாச்சி, சாரல் போட்டாச்சு! மெயின்ல தண்ணி ஆர்ச்சத் தொட்டு விழுது. ஒங்ககிட்டச் சொல்லணும்னு தோணிச்சு."

குற்றாலப் பேரருவியின் முன்னுள்ள வளைவைத் தொட்டு நீர் விழுகிறது என்றால் நிறைந்த சாரல். "நன்று" என்றேன். கிட்டங்கி முறைப்படி செய்தி வந்துவிட்டது.

ஞாயிறு காலை சிவகாமி எண்ணெய் காய்ச்சினாள். மிளகு வெடித்து வீடெங்கும் மணந்தது. காய்ச்சிக்கொண்டே ஏசினாள். "வெள்ளைக்காரங்க முன்னால சட்டையக் கழத்திட்டு உக்காரப் போறியளாக்கும்? இந்த வயசுல சளி பிடிச்சா யாரு பாப்பா?" ஏசி முடித்தவள், "தலைக்கும் வைங்க, சூடு எறங்கட்டும்" என்று கூடுதலாக ஒரு கரண்டி ஊற்றிக் கொடுத்தாள்.

பழைய கிட்டங்கிக்காரர்களில் நடக்க முடிந்த நால்வர் கூடினோம். பலகையைச் சந்தில் போட்டு, நீர் நிறைத்த வாளிகளை ஓரமாக வைத்தோம். அவரவர் முதுகில் அவரவர் சாய்ந்தோம். சித்தப்பாவின் இடத்தை வெறுமையாக விட்டோம். சுவர் குளிர்ந்திருந்தது, சிறிது நேரத்தில் எங்கள் சூட்டை ஏற்றுக்கொண்டது.

விடுதிக் காவலர் ஓடிவந்தார். பின்னாலேயே மேலாளர். "ஐயா, தயவுசெய்து எழுந்திருங்கள். நிறுவனத்தின் சுவர் பாழாகிறது."

நான் மறுமொழி ஆயத்தம் செய்துகொண்டிருந்தேன். தூய சொற்களால் ஆன நெடிய மறுமொழி. அதற்குள் சந்தின் முனையில் மங்கையர்க்கரசி தோன்றினாள். தாய் அனுப்பியிருக்க வேண்டும்; கையில் துவாலையும் மாற்றுச் சட்டையும் இருந்தன. எண்ணெய் வழிய அமர்ந்திருந்த தந்தையையும் கழுத்துப்பட்டை அணிந்த மேலாளரையும் மாறி மாறிப் பார்த்தாள். என்னை எழுப்பி அழைத்துப் போகத்தான் வந்தாள் என்று எண்ணினேன்.

"சந்து பொதுவழி" என்றாள் மேலாளரிடம், நயமான ஆங்கிலத்தில். "அமர்வதற்குத் தடையில்லை. சுவருக்கு இழப்பு என்கிறீர்கள். நாளைக் காலையில் நீங்களே கொத்தி எறியப்போகும் பூச்சுக்கு இன்று என்ன இழப்பு வந்துவிடும்? சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்."

மேலாளர் காவலரோடு ஓரமாக விலகினார். அந்நேரம் மெய்லின் தன் உலாக் கூட்டத்தோடு வளைவில் திரும்பினாள். எங்களைக் கண்டதும் ஒரு நொடி நின்றாள்; பிறகு ஒலிவாங்கியை உயர்த்தினாள்.

"இது தென்காசி என்ற ஊர்க்காரர்கள் தங்கிய வீடு. அவர்கள் ஊர்ப்பக்கத்து அருவியில் நீர் விழத் தொடங்கியதும் ஆண்டுதோறும் இங்கே விடுமுறை கொண்டாடினார்கள். இவை அவர்கள் சாய்ந்து இளைப்பாறிய முதுகுகள். எதிரே இருப்பவர்கள், அந்த முதுகுகளுக்கு உரியவர்கள்."

கூட்டத்தில் ஒருவரும் பாவம் என்று சொல்லவில்லை. ஒரு முதிய ஐரோப்பியர் தொப்பியைக் கழற்றினார். "சாய்ந்தால் எப்படி இருக்கும்?" என்று கேட்டபடி வெறுமையாக இருந்த இடத்தை நெருங்கினார். "அங்கே மட்டும் வேண்டா, அது என் சித்தப்பாவின் இடம்" என்றேன். அவர் தலையசைத்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார்.

"எல்லாம் சரிவே, தண்ணிக்கு என்ன செய்ய?" என்று சங்கரலிங்கம் புலம்பினான். "எண்ணெய் ஊறிப்போச்சு. என்னால ஒரு படி ஏற முடியாது."

மங்கையர்க்கரசி சாரத்தை நிமிர்ந்து பார்த்தாள். செருப்பைக் கழற்றினாள்.

"ஏட்டி, விழுந்துராத!" என்று சங்கரலிங்கம் கத்தினான். அவள் முதல் தளம் வரை ஏறி நின்றுவிட்டாள். அந்த ஐரோப்பியர் சாரத்தடியில் நின்று வாளியைத் தூக்கிக் கொடுத்தார். நான் எழுந்து கீழே நின்றேன். என் மகளுக்கு நான் எத்தனையோ முறை சொல்லியும் அவள் கேட்டும் கேளாததுபோல் இருந்த ஒரு சொல் உண்டு. அன்று மேலிருந்து அவளே கூவினாள்.

"அப்பா! மேகம் ரெடி!"

நீர் திடுமென விழுந்தது. மூச்சடைத்தது. அருவியின் கீழ் நிற்பவனுக்குத் தன் வயதும் ஊரும் தெரிவதில்லை.

6

திங்களன்று சுவரைக் கொத்தினார்கள். நான் போய் நின்று பார்த்தேன்; பார்க்காமல் இருப்பது கோழைமை என்று பட்டது. எண்ணெய் உண்ட பூச்சு எளிதில் பெயரவில்லை. சித்தப்பாவின் இடத்தில் உளி இருமுறை வழுக்கியதைக் கண்டு சங்கரலிங்கம், "அந்த மனுசன் லேசுல எந்திரிக்க மாட்டாருவே" என்றான். மாலைக்குள் எல்லாம் மண்ணாகி வண்டியில் ஏறிற்று. மெய்லின் தன் உலாவில் இப்போதும் அங்கே நிற்கிறாள்; வெறுஞ்சுவரைக் காட்டி முழுக்கதையும் சொல்கிறாளாம்.

ஊரிலுள்ளோர்க்கு இதை எழுதுவது இரக்கம் வேண்டியன்று. எங்களைக் குறித்து எவரும் நெஞ்சில் கைவைக்க வேண்டா. வந்தோம், உழைத்தோம், ஆண்டுக்கொரு நாள் ஊரையே சந்துக்குள் இறக்கிக் குளித்தோம். சான்று கேட்போர்க்குக் காட்ட என்னிடம் தாள் இல்லை, முதுகு இருக்கிறது.

புதுப்பூச்சு நன்றாகக் காய்ந்துவிட்டது என்று நேற்று மெய்லின் சொன்னாள். நானும் போய்க் கைவைத்துப் பார்த்தேன். சொரசொரப்பாகவும் வறண்டும் இருக்கிறது. இத்தகைய சுவர் எண்ணெயை நன்றாகக் குடிக்கும். அடுத்த ஆனியில் ஆறுமுகத்தின் அழைப்பு வரட்டும். அதன்பொருட்டு நிறுவனம் என்மேல் வழக்குத் தொடுக்குமாயின் தொடுக்கட்டும். வாதாட வீட்டிலேயே ஆள் இருக்கிறாள்.